இரும்புக் கார்டுக்கு ஒரு நல்ல நாள்

சென்னையில் என் மகனுக்கு எல்லாம் இருந்தது. வேலை இருந்தது, அடுக்கு மாடியில் வீடு இருந்தது, கார் இருந்தது, படித்த மனைவி இருந்தாள். ஒரே ஒரு குறைதான். அவன் சட்டைப் பையில் இருந்த கிரெடிட் கார்டு பிளாஸ்டிக்கில் செய்தது. இப்படி ஒரு குறையை வைத்துக்கொண்டு மனிதன் எத்தனை நாள்தான் தலை நிமிர்ந்து நடப்பான்.

குறை இருப்பதே அவனுக்கு ரொம்ப நாள் தெரியாது. கூட வேலை செய்கிறவர்கள் ஏதோ பெரிய ஓட்டலில் சாப்பிடப் போயிருக்கிறார்கள். பில் வந்ததும் ஆளாளுக்குக் கார்டை எடுத்துத் தட்டில் போட்டிருக்கிறார்கள். ஒருத்தன் போட்ட கார்டு மட்டும் 'டங்' என்று சத்தம் போட்டதாம். அது உலோகக் கார்டு. அன்றோடு என் மகனுக்குச் சோறு இறங்கவில்லை. இதை எங்கள் ஊரான செஞ்சிக்கு வந்திருந்தபோது, கருவாட்டுக் குழம்பை மூன்றாம் தரம் ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"அந்தச் சத்தத்துல சர்வரே திரும்பிப் பாத்தான்மா."

எவர்சில்வர் தம்ளரைக் கீழே போட்டாலும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் நினைப்பதில் கால்வாசிகூட வாய்க்கு வராது. வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே பதில் சொல்லிப் பழகியவள் நான். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் என்னை எழுப்பிக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். அவருக்கும் வேறு வேலை இருந்தது.

மகன் கையைக் கழுவிவிட்டு வந்து விஷயத்துக்கு வந்தான். இந்த மாதிரிக் கார்டு நினைத்தவர்களுக்கெல்லாம் கொடுக்க மாட்டார்களாம். பேங்கில் குடும்பத்துப் பணம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்களாம். அவன் பணமும் மனைவி பணமும் சேர்ந்தும் அந்த அளவைத் தொடவில்லை. கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறான். செஞ்சி தபால் ஆபீசில், என் பேரில் இருந்தது.

அந்தப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கவரம் சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போடுகிற நிலம், இருந்தது. மனை விற்கிறவர்கள் வந்து கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டி, மல்லாட்டை விளைந்த இடத்துக்கு ஏதோ நகர் என்று பேர் வைத்த சமயத்தில் என் வீட்டுக்காரர் அதை விற்றார். மகனுக்கு வீடு வாங்கக் கொடுத்தது போக மிச்சத்தை என் பேரில் போட்டுவிட்டு, அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து மாதா மாதம் வட்டி வருகிறது. பால், மாத்திரை, காய்கறி, கரண்ட் பில், எப்போதாவது ஒரு புடவை. அதற்குச் சரியாக இருக்கும்.

ஆனால் அந்த வட்டியில் நான் வாங்கிய பெரிய பொருள் வேறு. யாரிடமும் கேட்காமல் இருப்பது. சின்ன வயதில் நைனாவிடம் கேட்டேன். கல்யாணமாகி மாமியாரிடம் கேட்டேன். அவர் போனபின் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கேட்டேன் என்றால் வாயைத் திறந்து கேட்டதாக நினைக்க வேண்டாம். அவர் சட்டை மாட்டுகிற நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் பொத்தான் எல்லாம் போட்டு முடித்து, தலை வாரி, சீப்பைத் தட்டி வைத்துவிட்டு, "இன்னா, பணமா?" என்பார். நல்ல மனிதர், ஒருநாளும் இல்லை என்றதில்லை. ஆனால் பொத்தான் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் நிற்க வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு நான் நிற்பதில்லை. தபால் ஆபீசுக்கு நடந்து போகிறேன், புத்தகத்தை நீட்டுகிறேன், வாங்கி வருகிறேன். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாள் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. இதைவிட மரியாதை எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை.

இந்தப் பணத்தை எடுத்து அந்தப் புது பேங்கில் போட வேண்டும். போட்டால் அது கார்டுக்குப் பிணையாக அங்கேயே கிடக்கும். வட்டி மாதா மாதம் கைக்கு வராது, உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். அப்படியானால் பாலுக்கும் மாத்திரைக்கும் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவனே சொன்னான்.

"உனக்கு எப்ப வேணுமோ கேளும்மா. ஒரு நிமிஷத்துல அனுப்பிடறேன்."

தங்கமான பிள்ளை. அனுப்புவான். கேட்டால்.

பணம் வருவதற்கு முன்னாலேயே கார்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை தொடங்கிவிட்டது. மூன்று கார்டுகள் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று செம்பு நிறம், ஒன்று வெள்ளி நிறம். மூன்றின் படத்தையும் போனில் பெரிதாக்கிக் காட்டினான். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரே படத்தைத்தான் காட்டினார்கள், அதுவும் முடிவானதற்கு அப்புறம். அதனால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. மருமகள் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, எதில் என்ன சலுகை என்று பச்சையும் சிவப்புமாகக் குறித்து வைத்திருந்தாள். வரன் பொருத்தம் பார்க்கிற ஜோசியர் அவளிடம் பாடம் கேட்கலாம்.

கறுப்புக் கார்டு வைத்திருந்தால் ஏர்போர்ட்டில் தனி அறையில் உட்காரவைத்து இலவசமாகச் சோறு போடுவார்கள். மேல்மலையனூர் கோயிலில் அன்னதானம் போடுகிறார்கள், அங்கே கார்டு கேட்பதில்லை. ஆனால் அதற்கு பஸ்ஸில் போனால் போதும், இதற்கு விமானத்தில் போக வேண்டும், கௌரவம் வேறுதான். என் மகன் கடைசியாக விமானம் ஏறியது மச்சினன் கல்யாணத்துக்கு. அதே கார்டில் கோல்ப் ஆட்டமும் இலவசம். செஞ்சியில் மூன்று மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, பாறை இருக்கிறது, குரங்கு இருக்கிறது. பந்தைத் தள்ளுகிற அந்தக் குழி ஒன்றுதான் பாக்கி.

செம்புக் கார்டில் பெரிய ஓட்டலில் ஓர் இரவு சும்மா தங்கலாம். அதற்கு முன்னால் காசு கொடுத்துப் பல இரவு தங்கியிருக்க வேண்டும். வெள்ளிக் கார்டில் செலவழிக்கச் செலவழிக்கப் பாயிண்ட் ஏறும். ஏறிய பாயிண்ட்டைக் கொடுத்தால் பெட்டியோ மிக்ஸியோ தருவார்கள். மூன்றிலுமே வருஷத்துக்கு ஒருதரம் கட்டணம் உண்டு. ஆனால் நிறைய செலவு செய்தால் அந்தக் கட்டணம் தள்ளுபடி. அதாவது ஒரு கை காசை மிச்சம் பிடிப்பதற்கு ஒரு மூட்டைக் காசைச் செலவழிக்க வேண்டும். இந்தக் கணக்கை எங்களுக்கு நடத்துவதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன்.

இன்னொரு வசதியும் சொன்னான். ஒரு நம்பருக்கு போன் செய்தால் எந்த நேரமும் ஓர் ஆள் எடுத்து, பூ வேண்டுமா, டிக்கெட் வேண்டுமா, ஓட்டலில் மேசை வேண்டுமா என்று கேட்டு ஏற்பாடு செய்வானாம். மருமகள் பக்கத்தில்தான் இருந்தாள். பத்து வருஷமாக அந்த ஏற்பாடெல்லாம் செய்கிறவள் அவள்தான். அவள் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடிக்காமல் விட்டுவிட்டதைக் கவனித்தேன்.

கறுப்பா செம்பா என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. கடைசியில் என்னிடம் கேட்டார்கள். "நீ சொல்லும்மா, எது நல்லாருக்குது?" செம்பு என்று கையைக் காட்டினேன். செம்பு என்றால் புளி போட்டுத் தேய்க்கலாம். மருமகளுக்கு ஒரே சந்தோஷம், அத்தைக்கே தெரிந்திருக்கிறது என்றாள். அப்படியாக, எங்கள் வீட்டில் வரப்போகும் கார்டின் நிறத்தை நான்தான் முடிவு செய்தேன். வரக் கூடாது என்பதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாள் நன்றாக இல்லை என்று சொல்வார்கள். ஓரகத்தி ஒரு விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ள என் சங்கிலியைக் கேட்டாள் என்றால், வெள்ளிக்கிழமை பொன் வெளியே போகக் கூடாதே அக்கா என்பேன். மறுநாள் கேட்டால் பரணி. அடுத்த வீட்டுக்காரி உப்போ ஊசியோ கேட்டால், விளக்கு வைத்தாயிற்று. கேட்டவளுக்கும் புரியும். அவளும் இன்னொருத்தியிடம் இதையேதான் சொல்லியிருப்பாள். யார் மனசும் நோகாமல் சுவரில் மாட்டிய தேதி காலண்டர் எங்கள் எல்லோருக்கும் பதிலாகப் பேசிவிடும். தினம் ஒரு தாள் கிழிப்பது நாள் தெரிந்துகொள்ள என்று ஆண்கள் நினைக்கிறார்கள்.

அப்போது ஆனி மாதக் கடைசி. "ஆடி பொறக்கப் போவுது. ஆவணியில பாத்துக்கலாம்" என்றேன். மகன் ஒரு பேச்சு பேசவில்லை. கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன்தான், அமெரிக்காக்காரனோடு தினம் பேசுகிறவன்தான். ஆனாலும் ஆடி என்றால் ஆடிதான். பேங்க் ஆள் சலுகை முடிந்துவிடும் என்று அவசரப்படுத்தியிருக்கிறார். ஆடி என்றதும் அவரும் சரி என்று போனை வைத்துவிட்டாராம். எத்தனை வீட்டில் இதைக் கேட்டிருப்பாரோ.

ஆவணி பிறந்தது. முதல் வாரம் அஷ்டமி என்றேன். அடுத்தது நவமி, அதை நான் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறம் கரிநாள். அதற்கப்புறம் அவன் ராசிக்குச் சந்திராஷ்டமம், அது முடிந்ததும் என் ராசிக்கு. பன்னிரண்டு ராசிக்கும் தனித்தனியாகச் சந்திராஷ்டமம் வைத்த புண்ணியவான் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். போனில் தினம் "சாப்டியாம்மா" என்று கேட்கிற பிள்ளை, இப்போது "சாப்டியா, நாள் எப்படி?" என்று கேட்க ஆரம்பித்தான். நானும் காலண்டர் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

ஆனால் ஆவணியில் ஒரு வம்பு உண்டு. நல்ல நாளும் வந்துவிடும். ஊரில் ஒரு கல்யாண மண்டபம் பாக்கியில்லாமல் நிரம்பிய ஒரு முகூர்த்த நாளில், எல்லா ஒலிபெருக்கியும் ஒரே சமயத்தில் பாடிக்கொண்டிருக்க, மகனும் மருமகளும் காரில் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே பைக்கில் பேங்க் ஆள்.

நல்ல பையன்தான். அந்த வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து வந்திருந்தார். செருப்பு அல்ல, ஷூ. அதைக் கழற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது, அந்த நேரத்தில் நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். காபி கொடுக்க வெளியே வரவேண்டியதாயிற்று. காபியைக் குடித்துக்கொண்டே, ராகு காலம் முடிந்துவிட்டது, எமகண்டம் மத்தியானத்துக்கு மேல்தான், இப்போது சுத்தமான நேரம் என்று அவராகவே சொன்னார். அதற்கென்று தனியாகப் படிக்க வைப்பார்கள் போலிருக்கிறது. பெரிய போன் மாதிரி ஒரு பலகையை எடுத்துத் திறந்தார். அதில் முதலில் பிள்ளையார் படம் வந்தது.

பிறகு பையிலிருந்து ஒரு மாதிரிக் கார்டை எடுத்தார். வெல்வெட் துணியில் சுற்றியிருந்தது. மகன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். அவன் பிறந்தபோது அவனைக்கூட இவ்வளவு ஜாக்கிரதையாக யாரும் வாங்கவில்லை, எங்கள் மாமியார் ஒரு கையால்தான் வாங்கினார். கனத்தைப் பார்த்தான், மருமகளிடம் கொடுத்தான், அவள் என்னிடம் கொடுத்தாள். தோசை திருப்பியில் ஒரு துண்டு வெட்டினது போல இருந்தது. "நல்லா கனமா இருக்குது" என்றேன். எல்லோருக்கும் திருப்தி.

தபால் ஆபீசில் கொடுக்க வேண்டிய தாளைக்கூட அவரே எழுதி எடுத்து வந்திருந்தார். இன்றைக்கு இந்தப் பலகையில் விரலை வைத்துவிட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். எனக்கு எழுதத் தெரியும் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் பலகையை என் முன்னால் நீட்டிவிட்டார்.

நான் சுவரைப் பார்த்தேன். காலண்டர் தாளில் சிவப்பு எழுத்தில் முகூர்த்தம் என்று போட்டிருந்தது. கீழே நல்ல நேரம், அதற்குக் கீழே அமிர்த யோகம். ஒரு ஓட்டை இல்லை.

மகன் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டான். "நாளு நல்லாதான் இருக்குதும்மா. பாத்துட்டுத்தான் இவரை வரச்சொன்னேன்."

"நாளு நல்லாதான் இருக்குது," என்றேன். "எனக்குதான் இஷ்டமில்ல."

சொன்னது என் குரல் மாதிரி இல்லை. மருமகள் என்னைப் பார்த்தாள். பேங்க் ஆள், இலையில் போட்டதை வேண்டாம் என்றவர் முன்னாலிருந்து எடுப்பது போல, பலகையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம் போலிருக்கிறது, மேளம் உச்சத்துக்குப் போயிற்று.

"இன்னாம்மா சொல்ற?"

"அந்தப் பணம் அங்கியே இருக்கட்டும்."

"நான் இன்னா தூக்கிக்கினு ஓடியா போயிடப் போறேன்?"

"நீ ஓடமாட்டே. கேளு கேளுன்னு சொல்றே. எனக்குக் கேக்க வராதுப்பா."

அவனுக்குப் புரியவில்லை. கேட்பதில் என்ன இருக்கிறது, போனில் ஒரு வார்த்தை, அதுவும் கூச்சமாக இருந்தால் ஒரு புள்ளி வைத்து அனுப்பினால்கூடப் போதும், நான் புரிந்துகொள்வேன் என்றான். புள்ளி வைப்பதற்கும் அவன் சட்டை மாட்டி முடிக்கிற வரைக்கும் நான் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது. அவன் நைனாவிடம் நான் நின்ற காலத்தில் அவன் இதே கூடத்தில் கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தான், பார்த்திருக்க மாட்டான். "நைனா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். நைனா இருந்திருந்தால் விரலை வைத்திருப்பார். அதனால்தான் பணத்தை என் பேரில் போட்டாரோ என்னவோ.

பேங்க் ஆள் எழுந்து ஷூ போட்டுக்கொண்டார். வாசலில் நின்று, அம்மாவுக்கு உடம்புக்கு இன்சூரன்ஸ் ஏதாவது எடுத்திருக்கிறீர்களா என்று மகனிடம் கேட்டார். தொழிலில் கெட்டிக்காரராக வருவார்.

அன்று சாயங்காலம் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். மருமகள் பையை எடுக்க உள்ளே வந்தவள், அடுப்பங்கரைக் கதவு ஓரம் நின்று, "நீங்க சொன்னதுல தப்பில்ல அத்தை" என்றாள், வெளியே இருக்கிற புருஷனுக்குக் கேட்காத குரலில். பெரிய படிப்புப் படித்தவள். அவளும் அந்தக் கதவைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அப்புறம் கொஞ்ச நாள் "சாப்டியா" வரவில்லை. நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். போன் மணி அடிக்குமா என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவதும், அடிக்காதபோது, நாமே விரலை வைத்திருந்தால்தான் என்ன என்று நினைப்பதும், மறுபடி மாதம் பிறந்து தபால் ஆபீசுக்குப் போய்வந்ததும் அப்படி நினைத்ததை மறப்பதுமாக ஓடியது. இதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிறகு மருமகள்தான் பேசினாள். கார்டு வந்துவிட்டதாம். அவளுடைய அப்பா கொடுத்தாராம். சம்பந்தி மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதில் வந்த பணத்தைப் போட்டு வைத்திருந்தார். மாப்பிள்ளை கேட்டதும் மாற்றிப் போட்டுவிட்டார். பெண்ணைக் கொடுத்தவர்கள், இல்லை என்கிற சொல்லையும் கல்யாணத்தன்றே சேர்த்துத் தாரை வார்த்துவிடுகிறார்கள். அவருக்கு ஆடி, அஷ்டமி எதுவும் கை கொடுக்காது. ஆடியில்தான் மாப்பிள்ளைக்குச் சீர் செய்ய வேண்டும்.

அடுத்த அமாவாசைக்கு மகனும் மருமகளும் சம்பந்தியும் செஞ்சிக்கு வந்தார்கள். மகன் கோபமெல்லாம் மறந்திருந்தான், கார்டு கையில் இருக்கிறதே. நகைப் பெட்டி போல ஒரு பெட்டியில் வந்திருந்தது. கூடவே ஒரு கடிதம், தாங்கள் சிலரில் ஒருவர் என்று. அந்தச் சிலரில் ஒருவருடைய மாமனார் கூடத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். மகன் கார்டை மொசைக் தரையில் போட்டுக் காட்டினான். டங். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பார்க்காவிட்டால் மறுபடியும் போடுவான்.

பைக் வாங்கியபோதும் கார் வாங்கியபோதும் மேல்மலையனூருக்குக் கொண்டுபோய் அங்காளம்மனுக்குக் காட்டிவிட்டுத்தான் ஓட்டினோம். இரும்பில் எது புதிதாக வந்தாலும் அவளுக்குக் காட்ட வேண்டும். கார்டும் இரும்புதானே என்று மகனே சொன்னான். சென்னைக்காரர்கள் கூட்டம் வந்து சேர்வதற்கு முன்னால் போய்விடலாம் என்று காலையிலேயே புறப்பட்டோம். அதற்குள் சிறப்புப் பேருந்துகள் வரிசையாக நின்றன. வண்டி பூசை போடுகிற இடத்தில் பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"வண்டி எங்கப்பா நிக்குது?"

"வண்டி இல்ல சாமி. இதுதான்," என்று மகன் பெட்டியைத் திறந்தான்.

பூசாரி உள்ளே பார்த்தார். டிராக்டர் பார்த்தவர், ஜேசிபி பார்த்தவர், கரும்பு மிஷின் பார்த்தவர். கார்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பினார். கிரெடிட் கார்டு என்று சொன்னதும் ஒன்றும் கேட்கவில்லை, சாமிக்கு எல்லாம் ஒன்றுதான். மஞ்சளைக் குழைத்தார், குங்குமத்தைத் தொட்டார், எங்கே வைப்பது என்று ஒரு கணம் பார்த்தார். அட்டையின் முகத்தில் சின்னச் சதுரமாக, பொன் நிறத்தில் ஓர் இடம் இருந்தது.

"பொட்டு வைக்க எடம் வுட்டுத்தான் செஞ்சிக்கிறான் பாரு," என்று அதன் மேலேயே அழுத்தி வைத்தார்.

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம் பழத்தைச் சுற்றிக் காலால் நசுக்கச் சொன்னார். மகன் நசுக்கினான். தட்டில் சம்பந்தி காசு போட்டார்.

திரும்பி வரும்போது பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினான். முதல் செலவு அம்மன் பூசை முடிந்த கையோடு நடக்கட்டும் என்று மருமகளும் கூட இறங்கினாள். பங்கில் வேலை செய்கிற பெண் கார்டை மிஷினில் செருகினாள். எடுத்தாள், செருகினாள். மேலே வைத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். மகன் வாங்கிச் சட்டை நுனியால் தேய்த்தான். மஞ்சளும் குங்குமமும் வெயிலில் நன்றாகக் காய்ந்து அந்தச் சதுரத்தில் ஊறிப் போயிருந்தன. மருமகள் தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டினாள். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

காரின் பின் சீட்டில் நானும் சம்பந்தியும்தான். நடுவில் பிரசாதக் கூடை. அத்தனை வருஷத்தில் நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை, வாங்க, சாப்பிடுங்க, போய்ட்டு வரேன், அவ்வளவுதான். அவர் கார்க் கண்ணாடி வழியாக மாப்பிள்ளை தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் சம்சாரத்துக்கு முட்டி வலி, அதனால்தான் வரவில்லை. வைத்தியத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், பணம் கட்ட வேண்டும் என்று மருமகள் காலையில் சொல்லியிருந்தாள்.

"சம்பந்தியம்மா," என்றார், என் பக்கம் திரும்பாமல். "நீங்க முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னு பொண்ணு சொல்லுச்சி."

நான் கூடையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றேன்.

"இன்னா சொன்னீங்க?"

"இஷ்டமில்லன்னு சொன்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

வேறு ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. "கோச்சிக்கலையா?" என்றார்.

"கோச்சிக்கினான். கொஞ்ச நாளு."

"கொஞ்ச நாளுதானா," என்றார்.

வெளியே மகன் கடைசியில் போனைக் காட்டிப் பணம் கட்டிவிட்டான். கார்டைப் பெட்டியில் வைக்காமல் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து ஏறினான். புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்று யாரும் கேட்காமலே சொன்னான். மருமகள் கொண்டை ஊசியைத் தலையில் செருகிக்கொண்டாள். வண்டி ரோட்டில் ஏறியது.

சம்பந்தி முன் சீட்டுப் பக்கம் சாய்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாப்ள," என்றார், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.